வெப்பவியல் நோக்கில் ஒரு போலோ: இருங்காட்டுக்கோட்டைத் தரவுகளை முன்வைத்து ஓர் ஆய்வு

தேர், பல்லக்கு, மாட்டு வண்டி, பரிசல் என்று தமிழ்நாட்டில் உருண்டவை மிதந்தவை எல்லாவற்றைப் பற்றியும் ஆய்வேடுகள் வந்துவிட்டன. சைலன்சர் மாற்றிய ஃபோக்ஸ்வாகன் போலோவுக்கு மட்டும் யாரும் ஓர் இயல்கூட ஒதுக்கவில்லை. அந்தப் பெருங்குறையைப் போக்குவதே இக்கட்டுரையின் நோக்கம். நிதி நல்கை எதுவும் கிடைக்கவில்லை, கேட்கவும் துணிவில்லை.

ஆய்வு எல்லையை முதலில் வகுத்துக்கொள்வோம். 2013இல் இந்தியாவில் விற்பனைக்கு வந்த போலோ ஜி.டி. டி.எஸ்.ஐ. என்ற காரும் அதை வாங்கிய மனிதருமே ஆய்வுப் பொருள். ஃபெராரி, போர்ஷே உரிமையாளர்களைத் தவிர்த்தமைக்குக் காரணம் உண்டு. அவர்களிடம் மாதத் தவணை என்ற அடிப்படைத் தரவே கிடைப்பதில்லை. போலோக்காரர் அப்படியல்லர். 1.2 லிட்டர் டர்போ இன்ஜின், 105 பி.எஸ். சக்தி, 175 நியூட்டன் மீட்டர் முறுக்குவிசை, ஏழு கியர் டி.எஸ்.ஜி., நூறு கிலோமீட்டர் வேகத்தைத் தொட 9.7 நொடி என்று கம்பெனி சொன்ன கணக்கைத் தன் ரத்தப் பிரிவுக்கு முன்னால் மனப்பாடம் செய்திருப்பவர். 2022இல் இந்தியாவில் போலோவின் உற்பத்தி நின்றது. அதன்பின் அவர் பேச்சில் ஒரு பக்திச் சுவை ஏறியிருப்பதையும் பதிவு செய்ய வேண்டும்.

இதே காருக்கு ஜி.டி.ஐ. என்றொரு மூத்த தாரமும் உண்டு. 192 பி.எஸ்., மூன்றே கதவு, விலை 25.99 லட்சம். 2016இல் 99 கார்கள் மட்டுமே என்று அறிவித்து இறக்குமதி செய்தார்கள். ஜி.டி.க்கும் ஜி.டி.ஐ.க்கும் இடையில் இருப்பது ஓர் எழுத்து. அந்த எழுத்து தனி ஸ்டிக்கராகச் சில நூறு ரூபாய்க்குக் கிடைக்கிறது. மேற்கொண்டு விளக்க வேண்டியதில்லை.

இனி கருதுகோள். வேகக் கார் என்பது பணத்தை வெப்பமாக மாற்றும் கருவி. வேகம் அந்த மாற்றத்தின் நடுவே கொஞ்ச நேரம் தலைகாட்டும் உபபொருள்.

முதற் சான்று பிரேக். சுமார் 1,100 கிலோ எடையுள்ள கார் மணிக்கு 150 கிலோமீட்டரில் வந்து நின்றால் ஏறக்குறைய ஒன்பதரை லட்சம் ஜூல் ஆற்றல் எங்காவது போய்த்தான் ஆக வேண்டும். அது டிஸ்க்குக்கும் பேடுக்கும் போகிறது. வீட்டுக் கணக்கில் சொன்னால், மூன்று லிட்டர் உலைத் தண்ணீரைக் கொதிக்க வைக்கும் சூடு. இருங்காட்டுக்கோட்டைப் பந்தயத் தடத்தின் ஒரு சுற்று 3.7 கிலோமீட்டர், பன்னிரண்டு வளைவுகள். எல்லா வளைவிலும் நிற்க வேண்டியதில்லை, வேகத்தைத்தான் குறைக்கிறோம். என்றாலும் நாலைந்து சுற்று முடிவதற்குள் ஒரு சின்னக் கல்யாணத்துக்கே உலை கொதித்துவிடும்.

இங்கே பிரேக் ஆயிலைப் பற்றி விரிவாகப் பேசாவிட்டால் இக்கட்டுரை ஆய்வாகாது. எல்லோரும் ஆயில் என்கிறோம். அது எண்ணெயே அல்ல. காற்றிலுள்ள ஈரத்தைக் குடித்துக்கொண்டே இருக்கும் திரவம். டாட் 4 என்று டப்பாவில் அச்சிட்டிருப்பது புதிதாக இருக்கும்போது குறைந்தது 230 பாகைவரை கொதிக்காமல் தாங்க வேண்டும் என்பது தர விதி. ஈரம் குடித்துப் பழசானபின் அதே விதி கேட்பது 155 பாகைதான். சென்னையில் ஈரத்துக்குப் பஞ்சமில்லை. இரண்டு மூன்று மழைக்காலம் மாற்றாமல் விட்ட ஆயிலோடு தடத்துக்குப் போகிறவர் மூன்றாவது சுற்றில் பெடலை மிதிப்பார். உள்ளே ஆயில் கொதித்து ஆவிக் குமிழிகள் உண்டாகியிருக்கும். திரவம் அமுங்காது, ஆவி அமுங்கும். பெடல் ஒரு தயக்கமும் இல்லாமல் தரைவரை போகும், கார் நிற்காது. இதைத் தவிர்க்க ஆகும் செலவு, புது சைலன்சரின் விலையில் ஒரு சிறு பங்குதான். ஆனால் பிரேக் ஆயில் மாற்றியதை யாருக்கும் காட்ட முடியாது. படம் எடுத்துப் போட்டால் ஒரு லைக்கும் விழாது. ஆகவே அது எப்போதும் பட்டியலின் கடைசியில் இருக்கிறது.

இந்த இடத்தில் பழந்தமிழ்ப் பாகுபாடு ஒன்று கைகொடுக்கிறது. மாற்றங்கள் அகம், புறம் என இருவகை. ஸ்பாய்லர், கறுப்புக் கூரை, பானெட்டில் நெடுங்கோடு, பிரேக் காலிப்பருக்குச் சிவப்புப் பெயின்ட் முதலியன புறம். இந்தக் காரின் பின்சக்கரங்களில் இருப்பவை டிரம் பிரேக்குகள், அங்கே காலிப்பரே கிடையாது. ஆனாலும் டிரம்மையே சிவப்பாக அடித்துவிட்டவர்களைக் கள ஆய்வில் காண முடிந்தது. ரீமேப், பேட், ஸ்பிரிங் முதலியன அகம். அகத்திலும் வீட்டாருக்குத் தெரிந்தது, தெரியாதது என்று உட்பிரிவு செய்யலாம். அன்பு ஒருபக்கமாகவே ஓடுவதால் இந்த உறவு முழுவதும் கைக்கிளை என்று கொள்வாரும் உளர். கார் ஒருநாளும் பதில் சொன்னதாகத் தெரியவில்லை. டேஷ்போர்டில் மஞ்சள் விளக்கு எரிவதைப் பதில் என்று எடுத்துக்கொள்ளாவிட்டால்.

அகத்துறையில் ஒரு கள உரையாடல்:

"டேய், வண்டி ஏன்டா இப்படி உறுமுது?"

"சர்வீஸ் விட்டேன்ம்மா. இன்ஜின் இப்ப நல்லா ஃப்ரீயா ஓடுது."

"போன தடவை சர்வீஸ் விட்டப்ப சத்தமே இல்லையே?"

"அப்ப சரியா பண்ணலம்மா."

நான்கு வரிகளில் இரண்டு சைலன்சர்களின் விலை மறைந்திருக்கிறது. இதை உரையாசிரியர்கள் இறைச்சி என்பார்கள்.

ரீமேப் பற்றிச் சிறிது. ஸ்டீயரிங்குக்குக் கீழே இருக்கும் சாக்கெட்டில் லேப்டாப்பைச் செருகி, டர்போ எவ்வளவு அழுத்தம் கொடுக்க வேண்டும், ஸ்பார்க் எந்த நேரத்தில் விழ வேண்டும், எவ்வளவு பெட்ரோல் பாய வேண்டும் என்று கம்பெனி எழுதிவைத்த அட்டவணைகளைத் திருத்தி எழுதுவதே ரீமேப். கூடுதல் சக்தி உண்மையாகவே வருகிறது, மறுப்பதற்கில்லை. அதோடு இன்னொன்றும் வருகிறது. அதுதான் மெக்கானிக்கின் தொலைபேசி அழைப்பு.

"சார், ரீமேப் போட்டாச்சு. ஆனா பழைய ஏர் ஃபில்டர்ல வண்டி மூச்சுவிட முடியாது சார்."

ஃபில்டர் மாறுகிறது. இழுத்த மூச்சை வெளியே விட வேண்டாமா? டவுன்பைப் மாறுகிறது. வண்டி வேகமாகப் போகிறது. வேகமாகப் போவது நிற்க வேண்டாமா? டிஸ்க்கும் பேடும் மாறுகின்றன. பிடி கூடியபின் டயர் வழுக்குகிறது. புது டயர் பிடிக்கிறது, வளைவில் உடல் சாய்கிறது, ஆகவே சஸ்பென்ஷன். இதற்கிடையில் கியர்பாக்ஸ் மௌனமாக இருக்கிறது. இந்தக் காரில் இருப்பது உலர் கிளட்ச் வகை டி.எஸ்.ஜி.; அதன் தாங்குதிறன் 250 நியூட்டன் மீட்டர். எண்ணெயில் குளிக்கும் வசதி இல்லாத அந்த கிளட்ச், கத்திப்பாராவில் மாலை ஆறு மணிக்கு ஊர்ந்து ஊர்ந்து போகும்போதே சூடாகும். தடத்துக்குப் போகாமலேயே பணம் வெப்பமாகும் இடம் இது என்பதால் தனித்துக் குறிக்கப்படுகிறது. ஆக, ஒரு பாகத்தைச் சரிசெய்தால் அடுத்த பாகம் குற்றவாளிக் கூண்டில் ஏறுகிறது. வழக்கு முடிவதில்லை, வாய்தா மட்டும் நடக்கிறது.

இயற்கையும் இந்தச் சதியில் பங்கு வகிக்கிறது. காற்று 25 பாகையிலிருந்து 40 பாகைக்குச் சூடானால் அடர்த்தி சுமார் 5 விழுக்காடு குறையும். மே மாதம் திருப்பெரும்புதூர் வெயிலில், லேப்டாப்பில் வாங்கிய சக்தியில் ஒரு பகுதியைச் சூரியன் வட்டியாகப் பிடித்துக்கொள்கிறான். இன்டர்கூலரும் சூடாகி, இன்ஜின் தன்னைக் காத்துக்கொள்ள ஸ்பார்க்கைத் தாமதப்படுத்தும். உரிமையாளர் இதற்கும் 100 ஆக்டேன் பெட்ரோலைத் தேடிப் போவார். அப்படித் தேடிக் கொண்டுவந்த சக்தியை ஸ்டார்ட்டிங் பாயின்டிலேயே ஏ.சி.யை ஆன் செய்து தின்றுவிடுவது வேறு கதை.

டயர் ஆய்வில் கிடைத்த முடிவு இவ்வாய்வேட்டின் தலையாய பங்களிப்பு. காரோடு வந்த டயர் 185/60 ஆர்15. அதைக் கழற்றி அகலம் கூடுதலான 195/55 ஆர்15 போடுகிறார்கள். கணக்குப் போட்டால் பழைய சக்கரத்தின் குறுக்களவு 603 மில்லிமீட்டர், புதியது சுமார் 595. சக்கரம் சிறுத்தால் அதே தூரத்துக்கு அதிகம் சுற்ற வேண்டும். ஸ்பீடாமீட்டர் எண்ணுவது சுற்றைத்தான். எனவே முன்பு நூறு காட்டிய அதே வேகத்தில் இப்போது நூற்றொன்றுக்குச் சற்று மேலே காட்டும். ஆக்சிலரேட்டரைக் கூடுதலாகத் தொடாமலே ஒரு விழுக்காட்டுக்கு மேல் வேக உயர்வு! வாங்கியவர்கள் எல்லோரும் "வண்டி இப்ப நல்லா இழுக்குது" என்று சாட்சி சொல்வதன் அறிவியல் அடிப்படை இதுவே.

ஸ்பிரிங்கை மாற்றிக் காரைத் தாழ்த்துவது பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. வேகத்தடையில் மூலைவாட்டில் திரும்பி, ஒவ்வொரு சக்கரமாக ஏற்றி, பின்னால் ஆட்டோக்காரர் ஆரன் அடிக்க, முகம் சிவக்க ஒருவர் போனால் அவர் காரைத் தாழ்த்தியவர். அடிப்பகுதி உரசுவதும் வெப்பம்தான்.

இனி வரலாறு. இரண்டாம் உலகப் போர்க்கால விமான ஓடுதளமான சோழவரத்தில்தான் சென்னையின் பந்தயங்கள் நடந்தன. 1953இல் தொடங்கிய மெட்ராஸ் மோட்டார் ஸ்போர்ட்ஸ் கிளப் 1990இல் இருங்காட்டுக்கோட்டையில் தனக்கென்று தடம் அமைத்தது. அதே ஊரில் பின்னர் ஹூண்டாய் தொழிற்சாலையும் வந்தது. ஒரே ஊரில் ஒரு பக்கம் குடும்பத்துக்கான கார்கள் பிறக்கின்றன, இன்னொரு பக்கம் குடும்பத்துக்குச் சொல்லாமல் கார்கள் ஓடுகின்றன. கோவையில் எஸ். கரிவர்தன் பெயர் தாங்கிய தடம் செட்டிப்பாளையத்தில் இருக்கிறது. இந்தக் கரிவர்தனை நம் ஆய்வுப் பொருளானவர்கள் படிக்க வேண்டும். மாருதி 800இன் 796 சி.சி. இன்ஜினை எடுத்து, எடை குறைந்த ஒற்றை இருக்கைப் பந்தயக் காரில் வைத்து ஃபார்முலா மாருதி என்று ஓடவிட்டவர். 1995இல் விமான விபத்தில் இறந்தார். சின்ன இன்ஜினும் குறைந்த எடையும் போதும் என்று காட்டியவரின் ஊரிலேயே, ஸ்டெப்னியைக் கழற்றி வீட்டில் வைத்துப் பதினைந்து கிலோ குறைத்துவிட்டு, தடத்துக்குப் போகும் வழியில் அன்னபூர்ணாவில் நெய் ரோஸ்டோடு அந்த எடையைத் திரும்ப ஏற்றிக்கொள்கிறார்கள்.

வீட்டில் எதிர்ப்பு எழும்போது காட்டப்படும் மேற்கோள் ஆதாரம் எப்போதும் நடிகர் அஜித் குமார். 2010இல் ஃபார்முலா டூ ஓட்டினார், 2025 ஜனவரியில் துபாய் 24 மணி நேரப் பந்தயத்தில் அவருடைய அணி தன் பிரிவில் மூன்றாமிடம் பெற்றது. ஆதாரம் வலுவானதுதான். ஆனால் அவர் போகிற வண்டிக்குத் தவணை யார் கட்டுகிறார்கள் என்ற கேள்வி சமையலறையிலிருந்து வந்ததும் மேற்கோள் தளர்ந்துவிடுகிறது.

தடத்தின் ஓரத்தில் ஒரு மதியத்தைக் கூர்ந்து பார்த்தால் போதும், கருதுகோள் கண்முன் நிரூபணமாகும். ஹெல்மெட்டைக் கழற்றாமலே ஒருவர் குனிந்து டயர்க் காற்றை அளக்கிறார். சூடேறினால் அழுத்தம் கூடும் என்பதால் காலையிலேயே குறைத்து அடித்திருக்கிறார். இப்போது இன்னும் கொஞ்சம் இறக்குகிறார். புகைந்த பேடின் காரமான நாற்றம். சக்கரத்துக்குக் கீழே செங்கல். ஹேண்ட்பிரேக் போடக் கூடாது என்பது இங்கே எழுதாத சட்டம், ஏனென்றால் கொதிக்கும் உலோகத்தைக் கவ்விப் பிடித்தபடி நிறுத்தினால் அது அப்படியே ஒட்டிக்கொள்ளலாம். கடைசிச் சுற்றை மெதுவாக ஓட்டி வருவதும் காற்று பட்டு பிரேக் ஆறட்டும் என்றுதான். அந்த மெதுவான சுற்றில்தான் பலர் முதன்முறையாக வளைவை ஒழுங்காக எடுக்கிறார்கள் என்று ஒரு பயிற்சியாளர் சொன்னார். வெளியிலிருந்து நுழைந்து, உள்விளிம்பைத் தொட்டு, மறுபடி வெளியே போவது. அதைக் கற்றுக்கொள்ள ஆகும் பயிற்சிக் கட்டணம் ஒரு டவுன்பைப்பைவிடக் குறைவு.

சட்ட இயல். மோட்டார் வாகனச் சட்டத்தின் 52ஆம் பிரிவு கம்பெனி கொடுத்த வடிவிலிருந்து காரை மாற்றுவதைக் கட்டுப்படுத்துகிறது. 2019 திருத்தத்தின்படி அனுமதியற்ற ஒவ்வொரு மாற்றத்துக்கும் 5,000 ரூபாய் அபராதமோ ஆறு மாதம்வரை சிறையோ உரிமையாளருக்கு உண்டு. ஒவ்வொரு மாற்றத்துக்கும் என்ற சொற்களை உரிமையாளர்கள் நிதானமாக வாசித்துக் கூட்டிப் பார்க்க வேண்டும். வாகனக் காப்பீட்டிலும் பந்தயம், வேகச் சோதனை ஆகியவற்றுக்கு இடமில்லை. ஆகத் தடத்தில் இறங்கும் நாளில் காருக்கு மேலே இருப்பது வானம் மட்டும்.

சேமிப்பு இயல். இதற்குத் தரவுகள் கிடைக்கவில்லை.

பரிந்துரைகள் இரண்டே. கிழக்குக் கடற்கரைச் சாலையில் நள்ளிரவில் உங்கள் வெப்பவியலைச் சோதித்துப் பார்க்காதீர்கள். அங்கே வேலை முடிந்து சைக்கிளில் திரும்புகிறவர் உங்கள் ஆய்வுக்கு ஒப்புதல் தரவில்லை. பணம் கட்டி, ஹெல்மெட் மாட்டி, ஆம்புலன்ஸ் நிற்கும் தடத்துக்குப் போங்கள். போவதற்கு முன் பிரேக் ஆயிலை மாற்றிவிடுங்கள். கடைசியாக எப்போது மாற்றினீர்கள் என்று நினைவில்லையென்றால் இன்றைக்கே.