தாமே எழும் நிரல்கள்: ஓர் அகப்புற ஆய்வு

கணினியின் பொத்தானை அழுத்திய கணத்துக்கும் அதில் உருப்படியாக ஒரு வேலையைத் தொடங்க முடிகிற கணத்துக்கும் நடுவில் ஒரு காலவெளி உண்டு. அந்த வெளியில் தமிழ்ச் சமூகம் காபி போட்டிருக்கிறது, பல் தேய்த்திருக்கிறது, செய்தித்தாளில் ராசிபலன் வரைக்கும் வாசித்திருக்கிறது. இத்தனை பண்பாட்டு நிகழ்வுகளுக்கு இடம் கொடுத்த ஒரு காலவெளியைப் பற்றி யாரும் எம்.ஃபில். செய்ததாக என் கண்ணில் படவில்லை. அந்த வெளியை நீட்டுபவை, கணினியோடு சேர்ந்து தாமே எழும் நிரல்கள். அவற்றை ஆராய்ந்து அக்குறையைப் போக்குவதே இக்கட்டுரையின் நோக்கம்.

ஆய்வு எல்லை விண்டோஸ் மட்டுமே. மேக்கிலும் லினக்ஸிலும் இவ்வினம் உண்டு. ஆனால் அவற்றைப் பயன்படுத்துவோர் கேட்காமலேயே அவற்றைப் பற்றிச் சொல்லிவிடுவார்கள் என்பதால் தனிக் கள ஆய்வு தேவைப்படவில்லை.

கருதுகோள் பின்வருமாறு: எந்த நிரலும் கெட்ட எண்ணத்தோடு விடியற்காலையில் எழுந்துகொள்வதில்லை. ‘கூப்பிட்டதும் ஓடிவர வேண்டுமே’ என்ற ஒரே கவலையில்தான் கூப்பிடுவதற்கு முன்பே வந்து நிற்கிறது. இந்த நல்லெண்ணங்கள் அனைத்தின் கூட்டுத்தொகைக்குத்தான் வழக்கில் ‘சிஸ்டம் ஸ்லோ’ என்று பெயர்.

முதலில் வரலாறு. 1981-இல் வந்த, விண்டோஸுக்கு முன்னோடியான டாஸில் ஆட்டோஎக்ஸெக்.பேட் என்றொரு கோப்பு இருந்தது. கணினி எழுந்ததும் அதிலுள்ள வரிகளை மேலிருந்து கீழாக ஒவ்வொன்றாக நிறைவேற்றும். சில நிரல்கள் அதற்குள் வந்து தம் பங்குக்கு ஒரு வரி எழுதிவிட்டுப் போனதும் உண்டு. ஆனால் கோப்பைத் திறந்தால் குற்றவாளி கண்ணெதிரே நிற்பார். 1984-இல் போர்லாண்ட் நிறுவனம் வெளியிட்ட சைட்கிக், நினைவகத்தில் ஓரமாகக் குந்தியிருந்து, விசையை அழுத்தியதும் கால்குலேட்டரோடும் குறிப்பேட்டோடும் தோன்றும். நம் ஆய்வுப் பொருளின் பாட்டனார் என்று இதைத் துணிந்து சொல்லலாம். அன்றைக்கு நிரல்கள் புழங்கக் கிடைத்த இடமே 640 கிலோபைட் என்பதால் பாட்டனார் அடக்கமாக இருந்தார். பேரன்களுக்கு அந்த நெருக்கடி இல்லை.

1992-இல் வந்த விண்டோஸ் 3.1-இல் ‘ஸ்டார்ட்அப்’ என்று ஒரு குழு இருந்தது. அதில் இருப்பவை எழும், இல்லாதவை உறங்கும். திருப்பம் 1995-இல் நிகழ்ந்தது. விண்டோஸ் 95, இந்த ஸ்டார்ட்அப்பைக் கோப்புறையாக வைத்துக்கொண்டதோடு, விண்டோஸ் தன் அமைப்புகளை எழுதிவைக்கும் ரெஜிஸ்ட்ரியின் ஆழத்தில் ‘ரன்’ என்ற இன்னொரு வாசலையும் திறந்துவிட்டது. இங்கேதான் நம் துறை அகம், புறம் என இரண்டாகப் பிரிகிறது. ஸ்டார்ட்அப் கோப்புறை புறம்: யாரும் பார்க்கலாம், யாரும் தூக்கி எறியலாம். ரெஜிஸ்ட்ரி அகம்: அங்கே நடப்பது அந்தரங்கம்.

அகத்திணையில் ஒருவர் பெயரைச் சுட்டிச் சொல்லக்கூடாது என்பது தொல்காப்பியம் வகுத்த மரபு. ரெஜிஸ்ட்ரிவாசிகள் இம்மரபை வியக்கத்தக்க வகையில் காத்துவந்தனர். ‘ஜுஷெட்’ என்று ஒருவர் இருப்பார். அவர் ஜாவாவுக்குப் புதுப் பதிப்பு வந்திருக்கிறதா என்று பார்க்கும் வேலையாள் என்பதை அவர் வாயிலிருந்து வரவழைக்க முடியாது. ‘க்யூடிடாஸ்க்’ என்பவர் குயிக்டைம் வீட்டாராக இருந்தார். ‘ரீடர்எஸ்எல்’ என்பவர் அடோபி ரீடருக்கு முன்னோடிய பிள்ளை. என்றைக்கோ ஒருநாள் நீங்கள் ஒரு பிடிஎஃப்பைத் திறக்கக்கூடும் என்பதற்காக ரீடரின் கோப்புகளைக் காலையிலேயே வாசித்துத் தயாராக வைப்பது அவர் திருப்பணியாக இருந்தது. பிடிஎஃப் சட்டென்று திறந்தது உண்மை. அந்த வேகத்துக்கான நேரம் காலையில் நம் காபியிலிருந்து எடுக்கப்பட்டது என்பதும் உண்மை.

அகத்துக்கு உரை எழுதியவர்களையும் குறிப்பிட வேண்டும். தாமே எழும் நிரல்களைப் பட்டியலிட்டுக் காட்டும் ‘எம்எஸ்கான்ஃபிக்’ என்ற கருவியை விண்டோஸ் 98 தந்தது. விண்டோஸ் 2000 ஏனோ அதை விட்டுவிட்டது, எக்ஸ்பி மீட்டெடுத்தது. மார்க் ருசினோவிச்சும் பிரைஸ் காக்ஸ்வெல்லும் உருவாக்கிய ‘ஆட்டோரன்ஸ்’ எல்லா உரைகளுக்கும் பேருரை. 2006-இல் அவர்கள் நிறுவனத்தையே மைக்ரோசாஃப்ட் வாங்கிக்கொண்டது. பின்னணியில் ஓடும் சர்வீஸ்கள், டிரைவர்கள், குறித்த நேரத்தில் ஓடும் பணிகள் என்று இண்டு இடுக்கெல்லாம் ஆட்டோரன்ஸ் காட்டும். முதன்முறை அதைத் திறந்து பார்ப்பவர், அந்தப் பட்டியலின் நீளத்தைக் கண்டு, பார்க்காததுபோல் மூடிவிடுவதே இயல்பு.

சாமானியருக்கான பதிப்பு 2012-இல் விண்டோஸ் 8-உடன் வந்தது. டாஸ்க் மேனேஜரிலேயே ஸ்டார்ட்அப் பட்டியல், ஒவ்வொரு பெயருக்கும் எதிரே அது எவ்வளவு சுமை என்ற மதிப்பெண். தொடங்கும்போது 1 நொடிக்கு மேல் சிபியு நேரமோ 3 மெகாபைட்டுக்கு மேல் வட்டு வேலையோ எடுத்தால் ‘ஹை’. 300 மில்லி நொடிக்கும் 300 கிலோபைட்டுக்கும் கீழே என்றால் ‘லோ’. இடையில் நிற்பவை ‘மீடியம்’. ஒரு நொடித் தாமதத்தைப் பெருங்குற்றமாகக் கருதும் இந்த அளவுகோல், ‘அஞ்சு நிமிஷத்துல வந்துடுறேன்’ என்பதைக் கால அளவாகவே எடுத்துக்கொள்ளாத நம்மவர்க்குக் கொஞ்சம் கடுமையாகத்தான் படும்.

பட்டியலில் சில சமயம் ‘புரோகிராம்’ என்ற ஒற்றைப் பெயர் காணப்படும். படம் வெறுமை, வெளியிட்டவர் பெயர் வெறுமை. பார்த்தவர் வைரஸ் என்று பதறுவார். விஷயம் வேறு. நிரலை நீக்கிவிட்டார்கள், ஆனால் அதன் முகவரி ரெஜிஸ்ட்ரியில் மேற்கோள் குறி இல்லாமல் தங்கிவிட்டது. ‘புரோகிராம் ஃபைல்ஸ்’ என்று தொடங்கும் அந்த முகவரியை விண்டோஸ் முதல் இடைவெளி வரை படித்து, கோப்பைக் காணாமல், ‘புரோகிராம்’ என்றே பெயர் சூட்டிவிடுகிறது. இயற்பெயர் தெரியாத குறுந்தொகைப் புலவருக்கு அவர் பாட்டின் தொடரையே எடுத்துச் செம்புலப்பெயனீரார் என்று பெயரிட்டார்களே, அதே நெறி. புலவருக்குப் பாட்டு எஞ்சியது, இவருக்கு முகவரி மட்டும்.

இனி ஆய்வின் மையம். பத்து நிரல்கள் தனித்தனியே எழ ஆளுக்கு மூன்று நொடி ஆகும் என்றால், சேர்ந்து எழ முப்பது நொடி ஆக வேண்டும். ஆவதில்லை, அதற்கு மேலேயே ஆகும். காரணம் ஹார்டு டிஸ்க். நிமிடத்துக்கு 5400 முறையோ 7200 முறையோ சுற்றும் அந்தத் தட்டுகளின் மேல், படிக்கும் முனைகள் எல்லாம் ஒரே கையில் கோத்துத்தான் நகரும். ஓர் இடத்திலிருந்து இன்னோர் இடத்துக்குப் போய்ச் சேர ஏறக்குறைய 10 மில்லி நொடி. பந்தியில் ஒற்றை ஆள் பரிமாறும்போது பத்து இலையிலிருந்தும் ஒரே நேரத்தில் ‘சாம்பார்!’ என்று குரல் எழுந்தால் என்ன ஆகுமோ அதுதான் உள்ளே நடக்கிறது: அவர் நடப்பது அதிகம், ஊற்றுவது குறைவு. ஹார்டு டிஸ்குக்குப் பதிலாக வரும் எஸ்எஸ்டியில் நகரும் கை கிடையாது, அதனால் இந்த அலைச்சல் இல்லை. ஆனால் வந்து குந்தியவர்கள் நினைவகத்தை விட்டு எழுந்திருக்கவில்லை என்பதைக் கவனிக்க வேண்டும்.

நாகரிகமுள்ள பிரிவினரும் இருக்கிறார்கள். 2007-இல் விஸ்டா வந்தபோது, சர்வீஸ்களுக்கு ‘டிலேய்டு ஸ்டார்ட்’ என்று ஒரு வழி ஏற்பட்டது. கணினி எழுந்து சுமார் 2 நிமிடம் பொறுத்து, கூட்டம் கலைந்த பிறகு அவை வரும். இவ்வளவு பண்பான வசதியை எல்லோரும் பின்பற்றியிருந்தால் இக்கட்டுரைக்கே தேவை எழுந்திராது.

களத்தில் கிடைத்த தரவுகளும் முக்கியமானவை. கணினி மெதுவாகிவிட்டது என்று சர்வீஸ் கடைக்கு எடுத்துப் போனால் மூன்று விடைகளில் ஒன்று கிடைக்கும்: ‘ரேம் போட்டுரலாமா சார்?’, ‘எஸ்எஸ்டி மாத்திருங்க சார்’, ‘ஃபார்மேட் அடிச்சிரலாம் சார்’. மூன்றாலும் பயன் உண்டு என்பதை மறுப்பதற்கில்லை. ஃபார்மேட் அடித்த கணினி ஒரு வாரம் பறக்கும். பிறகு நாம் நெக்ஸ்ட், நெக்ஸ்ட், ஃபினிஷ் என்று பழைய நிரல்களையெல்லாம் திரும்ப ஏற்றுவோம். விண்டோஸோடு சேர்ந்து தொடங்கட்டுமா என்ற கட்டத்தில் அவர்களே டிக் போட்டு வைத்திருப்பார்கள், நாம் அதைப் படித்திருக்க மாட்டோம். பிரின்டரைப் பழைய சாமான்காரரிடம் போட்ட பிறகும், அதன் மை அளவைப் பார்க்கும் நிரல் தினமும் காலையில் எழுந்து, இல்லாத பிரின்டருக்காகக் காத்திருக்கும் கணினிகள் உண்டு. விசுவாசத்துக்கு இலக்கணம் எழுதுவோர் இதைப் பரிசீலிக்கலாம்.

தீர்ப்பு. விண்டோஸ் செக்யூரிட்டி, ஒலி, டச்பேடு சம்பந்தப்பட்டவை எழட்டும். தமிழில் தட்டச்சு செய்பவர்கள் என்ஹெச்எம் ரைட்டர் போன்றவற்றையும் விட்டுவைக்க வேண்டும், இல்லாவிட்டால் முதல் மின்னஞ்சலிலேயே ‘வணக்கம்’ ஆங்கில எழுத்தில் போய்விடும். அரட்டைச் செயலி, பாட்டுச் செயலி, விளையாட்டுக் கடை, புதுப்பிப்பு விசாரிப்பவர் ஆகியோர் கூப்பிட்டால் வந்தால் போதும்.

கண்ட்ரோல், ஷிஃப்ட், எஸ்கேப் மூன்றையும் சேர்த்து அழுத்தினால் டாஸ்க் மேனேஜர் வரும். அதில் ஸ்டார்ட்அப் பக்கம் போய், வேண்டாத பெயரின் மேல் ரைட் கிளிக் செய்து ‘டிஸேபிள்’ கொடுங்கள். நிரல் அழிந்துபோகாது, அதன் ஐகானைத் தட்டினால் வழக்கம்போல் வரும். யாரென்று தெரியாத பெயராக இருந்தால் அதே மெனுவில் ‘சர்ச் ஆன்லைன்’ என்று இருக்கிறது. விசாரித்துவிட்டுக் கை வையுங்கள்.