வருமொழி வந்தும் புணராமை: போன்–டிவி உறவு பற்றி ஓர் இலக்கண ஆய்வு

சேர்வதும் பிரிவதும் எங்கள் மண்ணுக்குப் புதிதல்ல. 1995இல் திருச்சியிலிருந்து பெரம்பலூர் தனி மாவட்டமாகப் பிரிந்தது. 2001இல் பெரம்பலூரிலிருந்து அரியலூர் பிரிந்தது. 2002இல் திரும்ப வந்து ஒட்டிக்கொண்டது. 2007இல் மறுபடி பிரிந்தது. ஒருமுறை அணைத்துப் போட்டால் எல்லாம் சரியாகிவிடும் என்ற நம்பிக்கை அரசாங்கத்துக்கும் உண்டு போலும். ஆகவே, அரியலூர் போன் ஒன்று பெரம்பலூர் டிவியோடு சேர மறுத்த செய்தியை ஆராயும் தகுதி எங்கள் ஊர்க்காரனுக்கே உரியது.

ஆய்வுக்களம்: துறைமங்கலத்தில் எங்கள் வீட்டுக் கூடம். ஆய்வுப்பொருள்: தங்கை மகளின் காதுகுத்து வீடியோ. அது மாப்பிள்ளையின் போனில் இருந்தது. அம்மாவுக்கு அதைப் பெரிய டிவியில் பார்க்க வேண்டும். அரியலூரிலிருந்து சுமார் 30 கிலோமீட்டர் சிரமமில்லாமல் வந்த வீடியோ, சோபாவிலிருந்து டிவிக்குப் போகும் ஆறடியில் நின்றுவிட்டது.

இங்கே டிவி நிலைமொழி. சுவரில் அடித்து வைத்திருப்பதால் பெயர் பொருந்தும். போன் வருமொழி. இரண்டும் புணரும்போது தோன்றல், திரிதல், கெடுதல் என மூன்று விகாரங்கள் நேரும். நன்னூலார் வரிசையை நான் தலைகீழாக எடுத்துக்கொள்கிறேன். எங்கள் வீட்டில் நடந்த வரிசை அதுதான்.

கெடுதலாவது, போனில் காஸ்ட் குறியைத் தொட்டால் டிவியின் பெயரே வராமல் போவது. டிவியைத் தேடும் போன் 224.0.0.251 என்ற பொது முகவரிக்கு, 5353ஆம் எண் வாசலில், ‘டிவி யாராவது இருக்கிறீர்களா?’ என்று தண்டோரா போடும். டிவி தன் பெயரைச் சொல்லும். ஆனால் இந்தத் தண்டோரா ஒரே வலையின் எல்லைக்குள்தான் கேட்கும். ரவுட்டர் அதை வேலிக்கு அப்பால் விடாது.

வேலி எங்கே வந்தது? இங்கேதான் ஆய்வு சமூகவியலுக்குள் நுழைகிறது. வீட்டு வைஃபையின் பாஸ்வேர்டைத் தர மனமில்லாத என் மகன், மாப்பிள்ளைக்கு ‘கெஸ்ட்’ வைஃபையைக் கொடுத்திருந்தான். கெஸ்ட் வைஃபையின் இலக்கணமே, இன்டர்நெட் உண்டு, வீட்டுக் கருவிகளோடு பேச்சுவார்த்தை கிடையாது என்பது. மாப்பிள்ளை வீட்டு ஆளா, விருந்தாளியா? தமிழ்க் குடும்பங்கள் தலைமுறை தலைமுறையாகத் தீர்க்காமல் விட்ட இந்தக் கேள்விக்கு, பீரோ மேலிருந்த ஒரு வெள்ளைப் பெட்டி ஒரே நொடியில் தீர்ப்புச் சொல்லிவிட்டது.

“மாப்பிள்ளைய விருந்தாளின்னு எவன்டா எழுதுனது?” என்றார் அம்மா. எழுதியவன் டியூஷனுக்குப் போயிருந்தான். பாஸ்வேர்டும் அவனோடு போயிருந்தது.

திரிதலுக்கு அதிக இடம் வேண்டாம். போனும் டிவியும் சேர்ந்துவிட்டாலும், பேச்சு முன்னே போகும், வாய் பின்னால் அசையும். 5 கிகாஹெர்ட்ஸ் அலை வேகமானது, சுவரைக் கண்டால் சோர்ந்துவிடும். 2.4 சுவரைத் தாண்டும், ஆனால் அண்டை அயலாரின் வைஃபை எல்லாம் அதே ரோட்டில்தான். ரவுட்டரை இரும்பு பீரோ மேல் ஏற்றிவைத்தது என் கைங்கரியம். படம் நின்று திரை நடுவே சுருள் சுற்றும்போது, வாரணவாசி அருங்காட்சியகத்தில் இருக்கும் அம்மோனைட் புதைபடிவம் எனக்கு நினைவுக்கு வரும். அந்த இனம் அழிந்து 6.6 கோடி ஆண்டுகள் ஆகின்றன. அதன் வடிவத்தை பஃபரிங் காப்பாற்றி வருகிறது.

எஞ்சியது தோன்றல். பொறுமையிழந்த மாப்பிள்ளை, “இருங்க மச்சான், மிரரிங்ல போட்டுடலாம்” என்றார். மிரரிங்குக்கு ரவுட்டர் தேவையில்லை. போனும் டிவியும் நேருக்கு நேர் பேசிக்கொள்ளும். பாஸ்வேர்டு வேண்டாம், வேலியும் கிடையாது. வேலி இல்லாத இடத்தில் என்ன தோன்றும் என்பதை நாங்கள் யோசிக்கவில்லை.

பட்டியலில் ஒரு டிவி வந்தது. எங்கள் டிவியின் கம்பெனிப் பெயரேதான். மாப்பிள்ளை தொட்டார். சற்றுத் தாமதித்து, ‘இணைக்கப்பட்டது’ என்றது போன். எங்கள் திரையோ கறுப்பாகவே இருந்தது. ரிமோட்டை எடுத்து எச்டிஎம்ஐ ஒன்று, இரண்டு, யுஎஸ்பி என்று நான் ஒவ்வொன்றாகப் போய்ப் பார்த்தேன். மாப்பிள்ளை போனில் வீடியோவை ஓட்டிக்கொண்டே இருந்தார். ஆசாரி ஊசியை எடுத்தார்; தாய்மாமன் மடியில் குழந்தை; மடி என்னுடையது. படம் போனில் ஓடுகிறது, சத்தம் மட்டும் எங்கோ தூரத்தில் கேட்கிறது. திரிதல் வகையோ என்று குறித்துக்கொண்டேன்.

காம்பவுண்டு சுவருக்கு மேல் பக்கத்து வீட்டு அம்மாவின் தலை தெரிந்தது.

“யக்கா, சீரியல் பாத்துட்டிருந்தோம், என்னமோ கேட்டுச்சு, ஓகே குடுத்துட்டேன். உங்க பேத்தி எங்க டிவியில அழுவுது.” கொஞ்சம் நிறுத்தி, “புள்ளய விட உங்க மவன்தான் ரொம்ப அழுவுறாரு” என்றார்.

அம்மா மூக்குக் கண்ணாடியை எடுத்துக்கொண்டு பக்கத்து வீட்டுக்குக் கிளம்பினார்.