பிள்ளைகளுக்கு மீள்நடுகை மானியம் கோரி

திறைசேரிச் செயலாளர் அவர்களுக்கு,

ஐயா,

எட்டியாந்தோட்டைப் பக்கத்து இறப்பர் தோட்டமொன்றின் லயத்திலிருந்து எழுதுகிறேன். எங்கள் பிள்ளைகளை இறப்பர் கன்றுகளாகப் பதிந்துகொள்ளும்படி தாழ்மையுடன் விண்ணப்பிக்கிறேன்.

கன்று நட்டால் பால் வெட்ட ஆறேழு வருடமாகும். அதுவரை பசளை, களையெடுப்பு எனச் செலவு மட்டுமே. ஆனாலும் அதை நட்டம் என்று எந்தக் கணக்காளரும் எழுதியதில்லை. 1953இலேயே மீள்நடுகை மானியத்துக்குச் சட்டம் போட்டு, மரம் வளர வளரத் தவணையாகக் காசு கொடுத்தது அரசு. இத்தனைக்கும் அது 1876இல் கப்பலேறி வந்த பிரேசில் வித்து. பிரஜாவுரிமை உண்டா என்று யாரும் அதைக் கேட்கவில்லை. எங்கள் தாத்தாமாரை 1948இல் கேட்டார்கள்.

பிள்ளை என்றதும் கணக்கு மாறிவிடுகிறது. நாட்டுக்கு இலவசக் கல்வி 1945இல் வந்தது. தோட்டப் பாடசாலைகளை அரசு ஏற்கத் தொடங்கியது 1970களில். உயர்தரத்தில் தமிழில் விஞ்ஞானம் படிக்க ஆசைப்படும் பிள்ளை இன்றும் முதலில் ஆசிரியரைத் தேடவேண்டும். பின்தங்கிய மாவட்டங்களுக்கான 5 சதவீதப் பல்கலைக்கழக ஒதுக்கீட்டில் இரத்தினபுரி இருக்கிறது, எங்கள் கேகாலை இல்லை. மாவட்ட எல்லைக்கு இந்தப் பக்கத்து லயங்கள் முன்னேறிவிட்டன போலும். எங்களுக்குத்தான் யாரும் சொல்லவில்லை.

கல்விக்குத் தேசிய உற்பத்தியில் 6 சதவீதம் கேட்டு 2012இல் விரிவுரையாளர்கள் மாதக்கணக்கில் வேலைநிறுத்தம் செய்தும் திறைசேரி அசையவில்லை. அந்த மனவுறுதி இறப்பர் விலைக்கு இருந்தால் நாங்கள் எப்போதோ பிழைத்திருப்போம்.

வரவைப் பாருங்கள். பதினெட்டு வயதில் கொழும்புக் கடைக்குப் போகும் பிள்ளையிடம் உங்களுக்குக் கிடைப்பது, அது வாங்கும் சவர்க்காரத்தின் வற் வரி. அதுவே தாதியாக, பொறியியலாளராக வந்தால் முப்பது வருடம் வருமான வரி. தம்பி தங்கைகளின் படிப்புச் செலவு வீட்டிலேயே தீரும். ஆஸ்பத்திரியில் தமிழில் கேட்க ஆளிருக்கும், எங்கள் கிழவிகள் நோவைக் கைச்சாடையில் சொல்லவேண்டியதில்லை. படித்தால் வெளிநாடு போய்விடுவார்கள் என்பீர்கள். படிக்காதவள் மட்டும் இங்கேயா இருக்கிறாள்? குவைத்தில் பாத்திரம் கழுவி அவள் அனுப்பும் காசை மத்திய வங்கி மாதாமாதம் எண்ணிக்கொண்டுதானே இருக்கிறது.

தண்டின் சுற்றளவு 50 சென்ரிமீற்றர் வந்தால் மரத்தில் பால் வெட்டலாம் என்பது தோட்டத்து விதி. என் மகளின் இடுப்பளவை இத்துடன் இணைத்திருக்கிறேன். பரிசோதகரைக் காலையில் வேலை பிரிக்கும் பெரட்டுக்கு முன்பே வரச்சொல்லுங்கள். பிந்தி வந்தால் தாய்க்கு அரைப்பேர்தான், அரைநாள் சம்பளம்தான் விழும்.

இப்படிக்கு,
ஒரு தகப்பன்