கணக்கில் மட்டும் தோற்பவர்

தண்ணீரில் அவர் ஒருநாளும் தோற்றதில்லை. தோற்பதெல்லாம் கரையேறிய பிறகு, கணக்கில்தான். டிரைசூட்டை இடுப்பு வரை உரித்துத் தொங்கவிட்டு, ஒரு கையில் பேக்கன் ரோலும் மறு கையில் தேநீருமாக நான் உட்கார்ந்திருக்கும் ரிசல்ட் மேசைப் பக்கம் ஒருவர் ஒதுங்குகிறாரா, அவரேதான். "இன்றைக்குப் பந்தயத்தை அருமையாக நடத்தினீர்கள்" என்று ஆரம்பிப்பார். இங்கிலாந்தில் ஒருவர் பாராட்டோடு வாயைத் திறந்தால் நாற்காலியைக் கெட்டியாகப் பிடித்துக்கொள்ள வேண்டும்.

"ஒரே ஒரு சின்னச் சந்தேகம்."

சந்தேகம் எப்போதும் ஒன்றுதான், எப்போதும் சின்னதுதான். ஐப்பசியில் பிடித்தால் மாசி வரை விடாது.

அக்டோபர் கடைசியில் கடிகாரத்தை ஒரு மணி நேரம் பின்னுக்குத் திருப்பியதும், கோடையில் மட்டும் தலைகாட்டுகிறவர்கள் படகுக்கு உறை மாட்டிவிட்டு வீட்டில் கணப்புப் பக்கம் உட்கார்ந்துவிடுவார்கள். எங்கள் பாய்மரப் படகுக் கிளப்பின் நீர்த்தேக்கத்தில் மிஞ்சுவது பிடிவாதக்காரர்கள். ஆளுக்கொரு ரகப் படகு: நாலைந்து லேசர், நாலைந்து சோலோ, ஒன்றிரண்டு ஃபயர்ஃபிளை, சிவப்புப் பாயோடு ஒரு கிழட்டு மிரர், பிள்ளைகளின் டாப்பர். இத்தனை ரகத்தையும் ஒரே கோட்டில் நிறுத்திப் பந்தயம் வைத்தால் எது முன்னால் வரும் என்று ஹாரன் அடிக்கும் முன்பே சொல்லிவிடலாம். அதனால்தான் போர்ட்ஸ்மவுத் யார்ட்ஸ்டிக் என்று ஓர் ஏற்பாடு. இரண்டாம் உலகப்போர் முடிந்த கையோடு போர்ட்ஸ்மவுத் வட்டாரத்துக் கிளப்காரர்கள் உருவாக்கியது. இன்று பட்டியலை வெளியிடுவது ராயல் யாட்டிங் அசோசியேஷன். ஒவ்வொரு ரகத்துக்கும் ஓர் எண். வேகமான படகுக்குச் சிறிய எண், மந்தமான படகுக்குப் பெரிய எண். ஓடிய நேரத்தை ஆயிரத்தால் பெருக்கி, படகின் எண்ணால் வகுத்தால் வருவதுதான் பந்தய நேரம்.

லேசருக்கு 1100, சோலோவுக்கு 1140 என்று வைத்துக்கொள்ளுங்கள். ஆண்டுக்கு ஆண்டு ஒன்றிரண்டு ஏறும், இறங்கும். லேசர் 55 நிமிடத்திலும் சோலோ 57 நிமிடத்திலும் முடித்தால் இரண்டுக்கும் சரியாக 50 நிமிடம் வரும். சமம். எட்டாம் வகுப்புப் பிள்ளை மனக்கணக்காகவே போட்டுவிடும்.

நம்மவர் போடுவது வேறு கணக்கு. அவர் சோலோக்காரர். தம் படகின் எண்ணோடு ஒன்று கூட்டினால் 57 நிமிடப் பந்தயத்தில் தமக்கு இரண்டரை விநாடி மிச்சம், மூன்று கூட்டினால் எட்டு விநாடி மிச்சம் என்பது அவருக்குத் தூக்கத்திலும் தெரியும். போன ஞாயிறு ஏழு விநாடியில் மூன்றாம் இடம் போயிருந்தால் இந்த ஞாயிறு அவர் கேட்பது மூன்று புள்ளி. பத்து விநாடியில் போயிருந்தால் நான்கு. கேட்கிற தொனியோ, கோயிலுக்கு வசூலுக்கு வந்தவர் தொனி: எனக்காகவா கேட்கிறேன்? இந்தச் சோலோ ரகத்துக்காக. 1956-இல் ஜாக் ஹோல்ட் வரைந்த அருமையான படகு, அதற்கு இப்படி ஓர் அநியாயமா?

பந்தய வழியின் முதல் மிதவையில் அவர் இடித்தது பற்றிப் பேச்சு வராது. மிதவையில் இடித்தால் விதிப்படி ஒரு முழுச்சுற்றுச் சுற்றிவிட்டுத்தான் மேலே போகவேண்டும். நெஞ்சை உறையவைக்கும் வாடைக்காற்றில், பாய் தலையில் தட்ட, கயிறு காலில் சிக்க, சுக்கானை ஒடித்து அவர் சுற்றியதைக் கரையில் இருந்த அத்தனை பேரும் பார்த்தோம். அரை நிமிடம் போயிற்று. அந்த அரை நிமிடம் எந்த வகுத்தலிலும் வராது. ஆடத் தெரியாதவள் கூடம் கோணல் என்றாளாம். அவள் சும்மா சொல்லிவிட்டுப் போனாள். இவர் கூடத்தை அளந்து, கோணலைத் தசம ஸ்தானத்தில் எழுதிக்கொண்டு வருகிறார்.

தொல்லை என்னவென்றால், அவர் சொல்வதில் நியாயமும் கொஞ்சம் இருக்கிறது. எண்கள் நாடெங்கும் கிளப்புகள் அனுப்பும் முடிவுகளிலிருந்து எடுக்கிற சராசரி. கடலோரக் கிளப்பும் உண்டு, மரங்கள் சூழ்ந்த குட்டை போன்ற எங்கள் இடமும் உண்டு. காற்று வலுத்தால் தண்ணீருக்கு மேல் சறுக்கி ஓடும் படகுகள் பறந்துவிடும். காற்று செத்தால் அவையே நடுத் தேக்கத்தில் முழிக்கும். உள்ளூர் அனுபவத்தை வைத்து எண்ணைத் திருத்திக்கொள்ளுங்கள் என்று அசோசியேஷனே கிளப்புகளுக்குச் சொல்கிறது. யாரோ இதை அவருக்குப் படித்துக் காட்டிவிட்டார்கள். அந்தப் புண்ணியவானைத்தான் தேடிக்கொண்டிருக்கிறேன்.

டிசம்பர் வந்ததும் வாதம் குளிருக்கேற்ற கம்பளி போர்த்துக்கொள்ளும். குளிர்காற்று கனமானது என்பார். உண்மைதான். பூஜ்யம் டிகிரிக் காற்று 25 டிகிரிக் காற்றைவிட நூற்றுக்கு ஒன்பது பங்கு போலக் கனம். அதே வேகத்தில் வீசினாலும் பாயை அழுத்தித் தள்ளும். "ஆக, குளிர்காலத்துக்கென்று தனி எண் வேண்டாமா?" என்று கேட்டுவிட்டு, நான் ஏதாவது சொல்லும் முன் பேக்கன் ரோலைக் கடித்துக்கொள்வார். வாய் நிறைய இருக்கும்போது அவரோடு வாதாட முடியாது. மரியாதைக்காரர், மென்று முடிக்கும் வரை நம்மைக் காக்கவைப்பார்.

எண்ணே வேண்டாம், ஒரே ரகப் படகுகள் மட்டும் ஓடட்டும் என்று ஒரு ஞாயிறு சோலோக்களை மட்டும் தனியாக விட்டோம். எல்லோருக்கும் ஒரே எண், வகுப்பதற்கு எதுவுமில்லை. ஐந்தாவதாக வந்தார். சோலோவின் வெறும் கூட்டுக்குக் குறைந்தது 70 கிலோ இருக்கவேண்டும் என்பது விதி. தம் படகு ஈரம் குடித்து அதற்கு மேல் ஏறிவிட்டது, முன்னால் போனவர் படகு புதுசு என்று ஆரம்பித்து, படகை எடை போடுகிறீர்கள், ஓட்டுகிறவரை ஏன் போடுவதில்லை என்று முடித்தார். கையில் இரண்டாவது ரோல்.

பின்னால் துரத்தும் பந்தயத்தில் தப்பிக்கலாம் என்று நினைத்தேன். மெதுவான படகு முதலில் புறப்படும், வேகமானது கடைசியில். நேரம் முடிந்து ஹாரன் ஒலிக்கும்போது யார் எங்கே இருக்கிறாரோ அதுவே அவர் இடம். கூட்டல் இல்லை, பெருக்கல் இல்லை. ஜனவரியில் லண்டனுக்கு மேற்கே குவீன் மேரி நீர்த்தேக்கத்தில் நடக்கும் பிளடி மேரிப் பந்தயம் இந்த வகைதான். நாட்டின் நாலா மூலையிலிருந்தும் படகை வண்டியில் கட்டி இழுத்துக்கொண்டு வருவார்கள். நம்மவரும் போனார். திரும்பி வந்தபோது கையில் புறப்பாட்டு நேரப் பட்டியல், அதில் சிவப்பு மையில் அடிக்கோடு. அந்தப் பட்டியலும் இப்படிப்பட்ட எண்களிலிருந்து போட்டதுதான் என்று அவருக்குத் தெரியாமலா போகும்?

இந்த மேசையில் நான் எப்படி வந்து உட்கார்ந்தேன் என்று கேட்கலாம். உறுப்பினர் படிவத்தில் என் பெயரைப் படித்ததும் கணக்கு நன்றாக வரும் என்று குழு ஒருமனதாகத் தீர்மானித்துவிட்டது. பெயரில் கணக்கு வாத்தியார் களை இருந்திருக்க வேண்டும். உண்மையில் கணக்குப் போடுவது செயில்வேவ் என்ற மென்பொருள். நான் நேரத்தைத் தட்டச்சு செய்கிறேன், அவ்வளவுதான். இதை அவரிடம் பலமுறை சொல்லியாயிற்று. "உங்களுக்குத் தெரியாததா!" என்று சிரிப்பார்.

சிரிப்பு வராத விஷயம் ஒன்றையும் சொல்லிவிடுகிறேன். எங்கள் கிளப்பில் சம்பளக்காரர் யாருமில்லை. ஒவ்வொரு உறுப்பினரும் முறைவைத்து வேலை பார்க்கவேண்டும்: கொடி ஏற்ற ஒருவர், நேரம் குறிக்க ஒருவர், கவிழ்ந்தவர்களைத் தூக்க ரெஸ்க்யூ படகில் இருவர். படகோட்டிக்காவது உடம்பு அசைவதால் சூடு இருக்கும். ரெஸ்க்யூ படகில் சும்மா நிற்பவருக்கு ஒரு மணி நேரத்தில் விரல் எது, கையுறை எது என்று தெரியாது. நேரம் குறிப்பவர் பென்சிலால்தான் எழுதவேண்டும். ஈரத் தாளில் பேனா எழுதாது. மழையில் கூனிக்குறுகி, ஒரே நேரத்தில் கோட்டைத் தாண்டும் மூன்று படகுகளின் பாய் எண்ணை வாய்விட்டுக் கத்திக்கொண்டே எழுதிய தாள் அது. அதைப் போனில் படம் பிடித்து வந்து, "இது 3-ஆ 8-ஆ?" என்று கேட்கிறவருக்குத் தம் முறை வந்தால் மட்டும் முதுகு பிடித்துக்கொள்ளும். அதே முதுகு மறுவாரம் படகின் விளிம்புக்கு வெளியே ஒரு மணி நேரம் தொங்கும், ஒன்றும் ஆகாது. இரண்டு குளிர்காலமாக அவர் முறையை வேறு யாரோதான் பார்க்கிறார்கள். இது சரியில்லை. குழுக் கூட்டத்தில் சொன்னேன், குறித்துக்கொண்டார்கள்.

டிராலியைச் சரிவுப் பாதையின் நடுவில் விட்டுவிட்டுப் போவது, பிறர் ஸ்பேனரைத் தம்முடையதாக நினைப்பது இதெல்லாம் எல்லோரும் செய்வதுதான், விட்டுவிடலாம்.

ஆனால் போன டிசம்பரில் ஒரு காரியம் செய்தார். ஐந்து பந்தயத் தொடரின் கடைசி நாள். அதிசயமாக, எண் எதுவும் தேவைப்படாமலே முன்னணியில் போய்க்கொண்டிருந்தார். அக்கரை மரங்களின் ஓரத்தில் ஒரு பையனின் டாப்பர் கவிழ்ந்தது. ரெஸ்க்யூ படகு இன்னொரு மூலையில் வேறொருவரைத் தூக்கிக்கொண்டிருந்தது. பையன் இரண்டு தரம் நிமிர்த்தப் பார்த்தான், மூன்றாம் தரம் கை எழவில்லை. நம்மவர் பாயைத் தளர்த்தித் திரும்பி, அவனிடம் போய், தம் படகுக்குள் இழுத்துப் போட்டுக்கொண்டு, தலையிலிருந்த கம்பளிக் குல்லாயை அவனுக்கு மாட்டிவிட்டு, ரெஸ்க்யூ வரும் வரை அங்கேயே இருந்தார். பந்தயம் போயிற்று. அன்று ரிசல்ட் மேசைப் பக்கமே வரவில்லை. பையனின் அம்மா நன்றி சொல்லத் தேடினார், ஆளைக் காணோம்.

அடுத்த ஞாயிறு வந்தார். முதலில் பையன் எப்படி இருக்கிறான் என்று கேட்டார். நன்றாக இருக்கிறான் என்றேன். தலையாட்டினார். பிறகு, "ஒரே ஒரு சின்னச் சந்தேகம்" என்றார்.

உதவப் போய் இடத்தை இழந்தவருக்கு நிவாரணம் தருவதற்கு விதியில் வழி இருக்கிறது. அவர் கேட்கும் முன்பே நடுவர் குழு அதைக் கொடுத்துவிட்டிருந்தது: மற்ற நான்கு பந்தயங்களில் எடுத்த புள்ளிகளின் சராசரி. பதினேழை நான்கால் வகுத்தால் 4.25; விதிப்படி அதை 4.3 ஆக்கிப் போட்டிருந்தேன். இந்த விளையாட்டில் புள்ளி குறையக் குறையத்தான் நல்லது.

"4.25 தானே?"

விதிப் புத்தகத்தை எடுத்து நீட்டினேன். பத்தில் ஒரு பங்குக்குத் திருத்த வேண்டும், 0.05 வந்தால் மேலே. கண்ணாடி போட்டுக்கொண்டு இரண்டு முறை படித்தார். "மேலே என்று யார் முடிவு செய்தது?" என்றார். வேர்ல்ட் செயிலிங் அமைப்பு என்றேன். எழுதப் போகிறேன் என்று முகவரி கேட்டார், தேடிக் கொடுத்தேன். போனவர் பாதியில் திரும்பி, ராயல் யாட்டிங் அசோசியேஷன் முகவரியும் வேண்டும் என்றார். அந்தப் பையனின் டாப்பருக்கு அநியாயமாக எண் போட்டிருக்கிறார்களாம்.