சம்பூர் போட் மெயில்: ஓர் ஆரம்பநிலை ஆராய்ச்சி

சம்பூரில் ரயில் நிலையம் இல்லை. தண்டவாளமும் இல்லை. ஆய்வுக்கு இது பெரிய வசதி. ஆய்வுப்பொருள் குறுக்கே ஓடித் தொந்தரவு செய்யாது. கொட்டியாரக் குடாவுக்கு அக்கரையில், திருகோணமலையில்தான் கோச்சி நிற்கிறது. இக்கரையில் இருப்பவர் அதில் ஏறுவது எப்படி, ஏறிய பின் அவர் என்னவாகிறார் என்ற இரண்டு வினாக்களை மட்டும் இக்கட்டுரை எடுத்துக்கொள்கிறது.

முதலில் சொல்லாராய்ச்சி. நிலையப் பலகையில் இருப்பது 'புகையிரதம்'. வாயில் வருவது கோச்சி. 1950களில் டீசல் இயந்திரங்கள் வந்தன. கொழும்புத் திட்டத்தில் கனடா தந்தவை ஒன்டாரியோ, அல்பேட்டா என்று அந்நாட்டு மாகாணப் பெயர்களையும் சுமந்துகொண்டே வந்தன. கரிப்புகை போய்விட்டது, பலகை மட்டும் இன்னும் புகைகிறது. (ரயில் கைவிட்ட நிலக்கரி பின்னாளில் அனல் மின்நிலையமாகச் சம்பூருக்கே வரப் பார்த்தது. 2016இல் அதுவும் கைவிடப்பட்டது.) கோச்சியைக் கொச்சிக்காயோடு, அதாவது மிளகாயோடு, குழப்பிக்கொள்ளும் வெளியூர் அறிஞர்களுக்கு: முன்னது நெடில், பின்னது குறில். இயந்திரத்தை அடுத்த பெட்டியில் கதவோரம் நிற்பவருக்கு இரண்டாலும் கண்ணீர் வருவது தற்செயல்.

இனி வழி. இத்துறையின் மூத்த அறிஞரான என் பெரியப்பாவிடம் ஒருமுறை கேட்டேன்.

"கோச்சி எத்தின மணிக்குப் பெரியப்பா?"

"அது இரவைக்கு. நீ மத்தியானமே வெளிக்கிடு."

சம்பூரின் முழுப் பயணவியலும் இதற்குள் அடக்கம். மேற்கொண்டு எழுதுவதெல்லாம் உரை.

உரையாசிரியர்கள் இரு கட்சி. மூதூர்த் துறைக்குப் போய் லோஞ்சில் குடாவைக் கடப்பவர் துறைக் கட்சி. தரையால் சுற்றுபவர் பாதைக் கட்சி. இங்கே 'பாதை' என்றால் ரோட்டு அல்ல. ரோட்டு ஆற்றில் முடியும் இடத்தில் ஆளையும் வாகனத்தையும் ஏற்றி அக்கரை சேர்க்கும் மிதவை. மற்ற ஊர்களில் பாதையில் மனிதர் போவார்கள். எங்களுக்குப் பாதையே போகும், அது வரும்வரை நாங்கள் நிற்போம். 2009இல் 396 மீற்றர் நீளத்தில் கிண்ணியாப் பாலம் திறந்தது. மற்ற ஆறுகளுக்கும் பாலம் வரவே, பாதைக் கட்சி பஸ்ஸேறிப் பாலக் கட்சியானது. 2006 முதல் 2015 வரையான காலத்துக்கு இவ்வாய்வில் தரவு இல்லை. போரால் அப்போது ஊரிலேயே ஆளில்லை.

இப்போது கட்டுரையின் முதன்மைக் கோட்பாடு. 1914 முதல் போட் மெயில் ஓடியது. சென்னையில் எடுத்த ஒரே டிக்கெட்டில் தனுஷ்கோடிவரை ரயில், தலைமன்னாருக்குக் கப்பல், அங்கிருந்து கொழும்புக்கு மறுபடி ரயில். 1964 டிசம்பர்ப் புயலில் தனுஷ்கோடி அழிந்ததோடு அது முடிந்தது என்று வரலாற்றாசிரியர் எல்லாரும் ஒரே குரலில் எழுதுகிறார்கள். தவறு. அதற்குப் பிறகும் லோஞ்சில் வந்து இரவு மெயிலைப் பிடித்த சம்பூரார் ஒவ்வொருவரும் போட் மெயில் பயணியே. ஒரே டிக்கெட் இல்லாததுதான் குறை. லோஞ்சுக்கு ஒன்று, பஸ்ஸுக்கு ஒன்று, ரயிலுக்கு ஒன்று. ஓட்டோக்காரரிடம் டிக்கெட்டே கிடையாது, அபிப்பிராயம் மட்டும் உண்டு.

மெயில் என்ற சொல்லையும் கவனிக்க வேண்டும். யாழ்ப்பாணத்துக்கு 1956 முதல் யாழ்தேவி. மட்டக்களப்புக்கு உதயதேவி. திருகோணமலைக்கு வாய்த்தது இரவு அஞ்சல். தேவியில் போகிறவர் பக்தர். அஞ்சலில் போகிறவர் கடிதம் அல்லாமல் வேறென்ன? சான்றுகள் வலுவானவை. தளபாட வேலை செய்து பின்னர் நிலைய அதிபரான தோமஸ் எட்மண்ட்சன் என்ற ஆங்கிலேயர் கண்டுபிடித்த சின்னஞ்சிறு அட்டை டிக்கெட்டை உள்ளங்கையில் வைத்துப் பாருங்கள், தடித்த முத்திரை. பரிசோதகர் அதில் போடும் ஓட்டை, தபால் கந்தோர்க் குத்து. படுக்கை இருக்கை பதிவுத் தபால், மூன்றாம் வகுப்பு சாதாரணம். 1927இல் திறந்த இந்தக் கிளைவழியில் சீனக்குடா, தம்பலகாமம், கந்தளாய் தாண்டிக் கல்லோயாச் சந்தியில் மட்டக்களப்புத் தடத்தோடு சேர்கிறோம். தரம்பிரிப்பு அங்கே. காட்டுக்குள் யானைக்காக வண்டி மெதுவாகும்போது முணுமுணுப்பவரை நான் ஆதரிப்பதில்லை; 2025 பெப்ரவரியில் ஹபரணைப் பக்கம் ஆறு யானைகள் ரயிலில் அடிபட்டுச் செத்தன.

கள ஆய்வு ஒன்றே ஒன்று. ஒருமுறை எனக்கெதிரே எங்களூர் அக்கா ஒருவர், கொழும்பிலுள்ள மகளுக்கு எருமைத் தயிர் முட்டி கொண்டுவந்தார். முட்டியின் வாயைக் கடதாசியால் மூடிச் சணல்கயிறு கட்டியிருந்தது. தொலையக்கூடாதென்று டிக்கெட்டையும் அந்தக் கயிற்றில்தான் செருகியிருந்தார். வண்டி இடப்பக்கம் சாய்ந்தால் முட்டி வலப்பக்கம் சாயும். கண் மூடியிருக்கும், கை தூங்காது. விடிய விடியத் தயிர் சிந்தவில்லை. ஊறல் மட்டும் கடதாசியைத் தாண்டி டிக்கெட்டில் ஏறிவிட்டது.

கோட்டை நிலைய வாசலில் டிக்கெட் வாங்குபவர் அதைத் திருப்பிப் பார்த்தார், வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார், பிறகு மணந்து பார்த்தார். எழுத்து ஒன்றும் தெரியவில்லை. தட்டுத் தடுமாறித் தமிழில் கேட்டார்:

"அம்மா, ஏறினது எங்க?"

"சம்பூர்ல, தம்பி. ஒண்டரை மணி பஸ்ஸில."