முடிவைச் சொல்லாத மாமா

எந்த அபார்ட்மென்டிலும் ஒரு ட்விஸ்ட் மாமா இருப்பார். 'ஷட்டர் ஐலண்ட்' பார்க்காத ஓர் ஆள் பக்கத்து ப்ளாக்கில் இருப்பதாகக் காதில் விழுந்தால் போதும், அன்றைக்கு அவருக்குச் சோறு இறங்காது. "ஞாயித்துக்கிழமை வந்துடுங்க. டிபன் நம்ம வீட்லயே" என்று லிஃப்டிலேயே மடக்கிவிடுவார்.

2010-ல் வந்த ஸ்கார்செஸி படம். கதை நடப்பது 1954-ல். பாஸ்டனை ஒட்டிய ஒரு தீவில், குற்றம் செய்த மனநோயாளிகளுக்கான மருத்துவமனை. பூட்டிய அறையிலிருந்து மாயமான பெண்ணைத் தேடி அதிகாரி டிகாப்ரியோ வந்து இறங்குகிறார். "அவ்வளவுதான். முடிவை மட்டும் என் வாயால சொல்லவே மாட்டேன்" என்பார் மாமா. மூச்சு வாங்கிக்கொண்டு, "ஆனா யாரையும் நம்பாதீங்க. டிகாப்ரியோவையும் சேர்த்துத்தான் சொல்றேன்."

படம் ஓடும்போது அவர் டிவியைப் பார்ப்பதில்லை. விருந்தாளியின் முகத்தைத்தான் பார்ப்பார். மருத்துவமனை வாசலில் துப்பாக்கியை ஒப்படைக்கச் சொல்கிறார்கள். கூட வந்த அதிகாரி உறையைக் கழற்றத் தெரியாமல் திணறுகிறார். மாமா கனைப்பார். விசாரணையில் ஒரு நோயாளி தண்ணீர் குடிக்கிறாள். ஒரே ஒரு ஷாட்டில் அவள் கையில் கிளாஸே இருக்காது. மாமா ரிமோட்டைப் பிடுங்கிப் பின்னால் ஓட்டுவார்.

"என்ன பார்த்தீங்க?"

"தண்ணி குடிச்சா."

"எதுல?"

விருந்தாளி சட்னியில் தோய்த்த இட்லியோடு யோசிப்பார். "எடிட்டிங்ல விட்டிருப்பாங்க மாமா."

"ஸ்கார்செஸி விடுவாரா?" மாமாவின் முகத்தில் ஆயிரம் வாட்ஸ் பிரகாசம்.

மாமிக்குப் படம் மனப்பாடம். கலங்கரை விளக்கம் வந்தால் காபிக்குப் பால் வைத்துவிடுவார். டாக்டர் உண்மையை உடைக்கும்போது பால் பொங்கும். நடுவில் எட்டிப் பார்த்து, "ஐயையோ, அந்தப் பொண்ணு எங்கதான் போனா?" என்று கவலைப்படுவதும் அவர் பொறுப்பு. மகனுக்குப் புயல் காட்சியில் பயப்படும் வேலை.

படத்தில் டாக்டர் முதல் காவலாளி வரை தீவே சேர்ந்து ஒரே ஒரு நோயாளிக்காக நாடகம் ஆடுகிறது. இங்கேயும் கிட்டத்தட்ட அதேதான். விருந்தாளி உள்ளே நுழையும்போதே மாமி கிசுகிசுத்திருப்பார்: "ஏற்கெனவே பார்த்த படம்னு மட்டும் சொல்லிடாதீங்க. மூணாவது மாடிக்காரர் சொல்லிட்டார். இவர் ரெண்டு நாள் யாரோடவும் பேசலை."

ஆகவே படம் முடிந்ததும் விருந்தாளி நெற்றியில் கைவைத்து உட்கார்ந்துவிடுவார். "மாமா... இப்படிப் போகும்னு நினைக்கவே இல்லை!"

மாமா காபியை ஆற்றியபடி சாய்ந்துகொள்வார். "நான் முதல் தடவை பார்க்கும்போதே கண்டுபிடிச்சுட்டேன். நம்ம கண்ணுல மண்ணைத் தூவ ஒருத்தனால முடியாது!"

மாமி ஆமோதிப்பார். மகனும்தான்.