விலை சொல்லாத வீடு

விருதுநகரில் எதற்கும் விலை உண்டு. 15 கிலோ டின் நல்லெண்ணெய்க்கு உண்டு, நிலக்கடலைப் பருப்பு மூட்டைக்கு உண்டு, குவிண்டால் முண்டு வத்தலுக்கு உண்டு, மாடு தின்கிற புண்ணாக்குக்குக்கூட உண்டு. பத்திரிகைகளில் விருதுநகர் மார்க்கெட் நிலவரம் என்று போடுவார்கள். சுற்றிலும் கரிசல்காடு, ஊருக்குள் விளைவது ஒன்றுமில்லை. எங்கோ விளைகிற வத்தலுக்கும் மல்லிக்கும் இங்கே உட்கார்ந்து விலை வைப்பார்கள். அப்பேர்ப்பட்ட ஊரில் ஒரு சிங்கிள் பெட்ரூம் வீட்டின் விலையை மட்டும் என்னால் கடைசிவரை தெரிந்துகொள்ள முடியவில்லை.

'நகரின் மையத்தில், பஜாருக்கு அருகில், ஒன்றரை சென்டில் தனி வீடு, நல்ல காற்றோட்டம், விலை நேரில்' என்று விளம்பரம் வந்திருந்தது. ஒன்றரை சென்ட் என்றால் 653 சதுர அடி. அதில் சுவர், வாசல்படி, பக்கத்து வீட்டுக்காரர் நம் பக்கம் நீட்டி வைத்திருக்கும் சன்ஷேடு எல்லாம் போக மிச்சம்தான் வீடு. ரிட்டயர் ஆன இரண்டு பேருக்கு இது போதும் என்று நானும் மனைவியும் கிளம்பினோம்.

வாசல்படியில் கால் வைத்ததும் எனக்குத் தும்மல் வந்தது. மனைவி முறைத்தாள். நல்ல காரியத்துக்குப் போகிற இடத்தில் ஒற்றைத் தும்மல் ஆகாது. அவள் முறைத்து முடிப்பதற்குள் அவளுக்கே தும்மல் வந்துவிட்டது. பின்னால் வந்த தரகர் தன் பங்குக்கு இரண்டு போட்டார். சந்துக்கு அந்தப் பக்கம் வத்தல் கிட்டங்கி. அங்கே மூட்டை இறங்க இறங்க, விளம்பரத்தில் சொன்ன காற்றோட்டம் சிறப்பாக வேலை செய்தது.

"ஒத்தத் தும்மல்தாங்க்கா ஆகாது. இந்த வீட்ல அந்தப் பேச்சுக்கே இடமில்ல" என்றார் தரகர்.

படுக்கையறையைப் பார்த்தோம். கட்டில் போட்டால் கதவு திறக்காது. கதவு திறக்க வேண்டுமென்றால் கட்டில் போட முடியாது. "கதவக் கழட்டிரலாம் அண்ணாச்சி, அம்புட்டும் பர்மா தேக்கு. வித்தாலே நல்ல கட்டில் ரெண்டு வாங்கலாம்" என்று யோசனை சொன்னார் தரகர். தென்மாவட்டங்களில் பழைய வீடு பார்த்தவர்களுக்குத் தெரியும், பர்மா தேக்கு இல்லாத கதவே கிடையாது. பர்மாவில் அவ்வளவு மரம் இருந்திருக்குமா என்றுதான் சந்தேகம் வரும்.

இடம் கொஞ்சம் நெருக்கடியாக இருக்கிறதே என்று மெல்ல இழுத்தேன். தரகர் இதற்காகவே காத்திருந்தவர்போல, "காமராசர் வீட்டப் பாத்தீங்கல்ல? 1954லேருந்து 63 வரைக்கும் முதலமைச்சர். இதே ஊர்ல அவரு வீடு எம்புட்டு?" என்றார். நான் வாயை மூடிக்கொண்டேன். மனைவி மூடவில்லை. "மெட்ராஸ்ல அவர் கடைசிவரைக்கும் வாடகை வீட்லதான இருந்தாரு? அப்ப நாங்களும் வாடகையிலயே இருந்துக்கிறோமே" என்றாள். தரகர் தட்டட்டியைக் காட்டுகிறேன் என்று மாடிப்படி ஏறிவிட்டார்.

வீட்டுக்காரர் வந்தார். எழுபதைத் தாண்டியவர், கமிஷன் மண்டி வைத்திருந்தவர். என்னைத் தம்பி என்றார். இந்த வயதில் நம்மைத் தம்பி என்று கூப்பிட ஓர் ஆள் கிடைத்ததற்கே கூட ஒரு லட்சம் கொடுக்கலாம் என்று தோன்றியது.

"என்ன விலை சொல்றீங்க அண்ணாச்சி?"

"நீங்க என்ன நெனைக்கீங்க?"

"நீங்க சொன்னாத்தான அண்ணாச்சி..."

"நீங்க கேட்டாத்தான தம்பி சொல்ல முடியும்."

டீ வந்தது. குடித்தோம். "போன வருசம் ஒருத்தர் வந்து கேட்டாரு, குடுக்கல" என்றார். எவ்வளவுக்குக் கேட்டார் என்றேன். "அது எதுக்கு இப்ப? அதான் குடுக்கலையே."

சரி, பத்திரத்தையாவது பார்க்கலாம் என்றேன். தாய்ப் பத்திரத்தில் ஊர் பெயர் விருதுபட்டி. 1923இல் ஊரே பெயரை மாற்றிக்கொண்டது. பட்டா மட்டும் இன்னும் அண்ணாச்சியின் தாத்தா பேரிலேயே இருக்கிறது. வாரிசுகள் நாலு ஊரில் இருக்கிறார்கள். அதில் ஒரு சித்தப்பா மகனோடு பேச்சுவார்த்தை கிடையாதாம். முத்திரைத் தீர்வை 7 சதவீதம், பதிவுக் கட்டணம் 2 சதவீதம் என்று நான் மனக்கணக்குப் போட ஆரம்பித்தேன். 2025 ஏப்ரலிலிருந்து 10 லட்சம் வரையிலான சொத்தைப் பெண் பெயரில் பதிந்தால் கட்டணத்தில் ஒரு சதவீதம் சலுகை உண்டு என்று தரகர் நினைவூட்டினார். சலுகை இல்லாவிட்டாலும் எங்கள் வீட்டில் அப்படித்தான். ஆனால் எத்தனை லட்சத்துக்கு 9 சதவீதம் என்று தெரியாமல் கணக்கு எங்கே போய் முடியும்?

கிளம்பும்போதுதான் விஷயம் புரிந்தது. மண்டியை மகன் பார்த்துக்கொள்கிறார். இப்போது விலை எல்லாம் செல்போனில் முடிந்துவிடுகிறது. எதிரே ஒரு ஆளை உட்காரவைத்து, டீ வாங்கிக் கொடுத்து, மனசை ஆழம் பார்க்கிற வேலை அண்ணாச்சிக்கு இல்லாமல் போய்விட்டது. வீடு விற்பனைக்கு என்று விளம்பரம் கொடுத்தால் வாரத்துக்கு ரெண்டு பேராவது வருவார்கள். வீட்டை விற்றுவிட்டால் அப்புறம் யாரோடு பேரம் பேசுவார்? "அடுத்த வாரம் வாங்க தம்பி, பேசுவோம்" என்று வாசல்வரை வந்து வழியனுப்பினார். அந்த முகத்தைப் பார்த்தால் அடுத்த வாரமும் போகலாம் என்றுதான் தோன்றும்.

வாங்கியே தீருவது என்று போகிறவர்களுக்கு ஒரு வார்த்தை. விலையைக் கேட்பதற்கு முன் பட்டாவைக் கேளுங்கள், வில்லங்கச் சான்று போட்டுப் பாருங்கள். பட்டாவில் இருப்பவர் காலமாகியிருந்தால், வாரிசுகள் அத்தனை பேரும் கையெழுத்துப் போடாமல் அட்வான்ஸ் கொடுக்காதீர்கள். பேரம்தான் பேச வேண்டும் என்றால் எந்தக் காகிதமும் தேவையில்லை. டீயும் அவர் செலவு.